வெடிக்கவில்லை, ஆனால் கழற்ற வரவில்லை: மரக் கிளாரினெட்டோடு சில வருஷம்

வெடிக்கவில்லை. மரக் கிளாரினெட் வைத்திருக்கிறேன் என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி அதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேல் துண்டில் ட்ரில் கீ என்கிற சின்னச் சாவிகளின் துளைகளைச் சுற்றித்தான் வழக்கமாகக் கீறல் விழும். அந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாயிற்று, மயிரிழைகூட இல்லை. என் கோபம் வேறு இடத்தில்.

நடுப் பொருத்து. மேல் துண்டும் கீழ் துண்டும் சேருகிற இடம். அதை மறுபடியும் ரிப்பேருக்குக் கொடுத்து, இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. வந்த கையோடு தேவகோட்டைத் தம்பி ஒருவர் போன். "அண்ணே, பிளாஸ்டிக்ல ஊதினது போதும், மரத்துக்கு மாறலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?" அவருக்குப் போனில் சொன்னது பாதி, மீதி இது. என் வாத்தியம் எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. குறை கம்பெனியுடையது இல்லை, மரத்துடையது. காரைக்குடிப் பருவத்துடையது என்றும் சொல்லலாம்.

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்ததும் நடுப் பொருத்து இறுகத் தொடங்கும். ஊதி முடித்துவிட்டுக் கழற்றினால் வராது. பொருத்தில் சுற்றி ஒட்டியிருக்கிற கார்க் வீங்கிவிட்டது என்று நினைத்து எல்லோரும் கிரீஸைத் தடவுவார்கள். கழுந்தில், அதாவது செருகுகிற முனையில், கார்க்குக்கு மேலும் கீழும் மெல்லிய மர வளையம் இருக்கிறது பாருங்கள், வீங்குவது அதுதான். ஊதும்போது உள்ளே இறங்குகிற மூச்சு ஈரம் ஒரு பக்கம், காற்றில் இருக்கிற ஈரம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் அந்தக் கழுந்து உப்பிக்கொண்டு எதிர்த்துண்டின் குழியைக் கவ்விக்கொள்ளும். கிரீஸ் அங்கே ஒன்றும் செய்யாது. பலத்தைக் காட்டித் திருகினால் இரண்டு துண்டையும் இணைக்கிற பிரிட்ஜ் கீ வளையும், அதற்குத் தனிச் செலவு.

சித்திரையில் இதற்கு நேர் எதிர். மரம் சுருங்கிப் பொருத்து லொடலொட என்று ஆடும். துண்டுகளின் முனையில் இருக்கிற வெள்ளி நிற வளையங்கள் விரலால் சுற்றினாலே சுற்றும். நடுவில் ஆட்டம் கண்டால் பிரிட்ஜ் கீ நேராக நிற்காது. இது எங்கே காட்டிக் கொடுக்கும் தெரியுமா? ஆறரைக் கட்டைச் சுருதியில் சட்ஜம் வைத்து ஊதுகிறவர்களுக்குச் சாதாரண காந்தாரத்தில். இரண்டு கை ஆள்காட்டி விரலையும் வைத்து எடுக்கிற அந்தப் பிடி முழுக்கப் பிரிட்ஜ் கீயை நம்பித்தான் இருக்கிறது. கரஹரப்ரியாவில் காந்தாரம் காற்றாகப் போனால் ராகத்தில் என்ன மிச்சம் இருக்கும், சொல்லுங்கள்.

முதல் மழைக்காலத்தில் இறுகியபோது மதுரையில் ஒருவரிடம் கொடுத்தேன். கழுந்தைச் சுரண்டி, வழவழ என்று இறங்குகிற மாதிரி செய்து கொடுத்தார். அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. பங்குனி வந்ததும் ஆட ஆரம்பித்தது. கார்க்கைத் தடிமனாக மாற்றினோம். அடுத்த ஐப்பசியில் அந்தத் தடித்த கார்க்கும் சேர்ந்து இறுகியது. இந்த முறை சென்னைக்கு அனுப்பினேன். அங்கே இருந்தவர் மரத்தைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கார்க்கை மட்டும் தேய்த்து, பிரிட்ஜ் கீயை நிமிர்த்தி அனுப்பினார். "மழையில சுரண்டினா வெயில்ல ஆடும் சார். வெயிலுக்கு பிளம்பர் டேப் ஒரு சுத்து போட்டுக்குங்க." இவ்வளவு பணம் போட்டு வாங்கிய வாத்தியத்துக்குக் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்! சுற்றித்தான் வைத்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது. விரலுக்கே சுற்றுகிற அந்த வெள்ளி நிற வளையத்துக்கு மட்டும் உள்ளே மெல்லிய காகிதப் பட்டை வைத்தால் நிற்கும்.

எங்கள் பக்கத்தில் மரம் என்றால் ஒரு அசட்டு நம்பிக்கை உண்டு. பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் நூறு வருஷமாக அசையாமல் நிற்கிற ஊரில் ஒரு முழம் குழாய்க்கு என்ன வந்துவிடும் என்று கேட்பார்கள். கிளாரினெட்டின் கருமரம் தேக்கைவிட எவ்வளவோ கடினம். தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் இருந்து வருகிற மரம் அது, தண்ணீரில் போட்டால் மூழ்கும். கடினமாக இருப்பதால் அசையாது என்று அர்த்தம் இல்லை.

நாதஸ்வரம் வாசிக்கிற நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். அவருடையது நரசிங்கம்பேட்டையில் கடைந்த ஆச்சா மரம். 2022-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்த ஊர்தான். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற காய்ந்த ஆச்சாவைத் தேடிப் பிடித்துச் செய்வார்கள். உலவு, அதாவது அதன் குழல், ஒரே துண்டு, துளையை விரல் நேரடியாக மூடும், மரம் கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. "உன் குழாயில இத்தனை கம்பியப் பூட்டி வச்சா மரம் எங்கப்பா போகும்?" என்றார். கேலிதான் செய்தார், ஆனால் காரணம் அதுவேதான். மரம் நகரும், கம்பி நகராது.

இவ்வளவு திட்டிவிட்டு நல்லதைச் சொல்லாமல் போனால் பாவம்.

கீழ் ஸ்தாயி. பிளாஸ்டிக்கில் ஊதியபோதும் அங்கே சத்தம் வந்தது. ஆனால் மெதுவாக ஊதினால் ஒல்லியாகிவிடும். இதில் எவ்வளவு குறைத்தாலும் சத்தம் தேய்வதில்லை, சன்னமாகிறது, அவ்வளவுதான். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் திருப்பூட்டு, அதாவது தாலி கட்டு, முடிந்த சாயங்காலம், வளவு என்கிற உள்முற்றத்தில் பந்தி நடக்கும்போது பட்டாலை மேடையில் உட்கார்ந்து வாசித்தோம். மைக் இல்லை. மந்தர ஸ்தாயிப் பஞ்சமத்தில் நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றேன். அடுத்த பாட்டுக்கு முன்னால் ஒரு ஆச்சி எழுந்து வந்து, "தம்பி, அந்த அடிச் சத்தத்தையே வச்சுக்கிட்டு வாசிங்களேன், மேல போகாதீங்க" என்றார். மேலே போகாமல் எப்படி வாசிப்பது? ஆனால் அவர் கேட்டது எனக்கும் கேட்டது. பழைய வாத்தியத்தோடு அதே மாதிரி வீடுகளில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், யாரும் எழுந்து வந்ததில்லை.

இது மரத்தால் வந்ததா என்று கேட்டால், நியாயமாக, முழுக்க இல்லை. ஊது வாத்தியத்தில் குழாயின் சுவர் எதனால் ஆனது என்பது ஒலியை மிகக் குறைவாகத்தான் மாற்றுகிறது என்று ஜான் பாக்கஸ் என்ற இயற்பியலாளர் 1964-லேயே அளந்து எழுதியிருக்கிறார். அதிகம் மாற்றுவது உள்துளையின் அளவு, விரல் துளைகளின் விளிம்பை எவ்வளவு நுணுக்கமாகக் கடைந்திருக்கிறார்கள் என்பது, அப்புறம் மவுத்பீஸ். நல்ல வேலைப்பாட்டை மரத்தில் செய்கிறார்கள், மலிவு வேலைப்பாட்டைப் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். பாராட்டு மரத்துக்குப் போகிறது. என்னுடைய மவுத்பீஸையும் ரீடையும் பழைய பிளாஸ்டிக்கில் மாட்டி ஊதிப் பார்த்தேன். வித்தியாசம் பாதியாகக் குறைந்துவிட்டது. மீதிப் பாதிக்குத்தான் லட்சத்தைத் தாண்டிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பாதி பெரிய பாதி என்றும் சொல்ல வேண்டும்.

கீழ்ப் பகுதியின் உச்சியில் வருகிற தொண்டை ஸ்வரங்கள் மரத்தில் திறந்துகொள்ளும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். நம்ப வேண்டாம். ஆறரைக் கட்டையில் அது பஞ்சமத்திலிருந்து கைசிகி நிஷாதம் வரை. அந்த நிஷாதம் வெளியேறுகிற துளைதான் ஸ்தாயி மாற்றுகிற துளையும். இரண்டு வேலைக்கு ஒரு சின்ன ஓட்டை, அதனால் எந்தக் கிளாரினெட்டிலும் அது கொஞ்சம் அடைத்த மாதிரிதான் பேசும். அடுத்த அரை ஸ்வரமான காகலி நிஷாதத்துக்கு எல்லா விரலையும் மூட வேண்டும், அங்கே சத்தம் திடீரென்று நிறைகிறது. பிளாஸ்டிக்கில் பட்ட இந்தக் கஷ்டத்தை மரத்திலும் படுவீர்கள். கிளாரினெட் வித்வான் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் வாசித்ததைக் கேட்டால் இந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. 2008-ல் சங்கீத கலாநிதி வாங்கினவர் அவர். அது வாத்தியத்தால் வந்தது இல்லை, சாதகத்தால் வந்தது.

ஏசி மண்டபம் ஒரு தனித் தலைவலி. கொளுத்துகிற வெயிலில் காரில் வந்து இறங்கிப் பதினெட்டு டிகிரிக் குளிரில் உட்கார்ந்து உடனே ஊதினால், உள்துளை சூடாகி ஈரம் குடித்து விரியும், வெளிப்புறம் குளிர்ந்தே கிடக்கும். கீறல் விழுவது அப்படித்தான். மேல் துண்டைக் கக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், இருக்கட்டும். அதே காரணத்தால் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்கு மரத்தைத் தொடுவதில்லை, பிளாஸ்டிக்தான். வெயிலில் எந்த ஊது வாத்தியமும் சுருதி ஏறும், கீபோர்டு ஏறாது. மவுத்பீஸுக்குக் கீழே இருக்கிற பேரல் துண்டைக் கொஞ்சம் இழுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஆகையால் பழைய வாத்தியத்தை விற்றுப் புதியதில் சேர்க்கலாம் என்ற கணக்கே வேண்டாம். இரண்டும் வேண்டும்.

தம்பி கேட்ட மற்றதெல்லாம் சுருக்கமாக. பஃபே இ11, யமஹா 450 மாதிரி நடுத்தர மர மாடல்கள் போதும். 1955-லிருந்து வருகிற பஃபேயின் தொழில்முறை மாடலான ஆர்13 வரைக்கும் போக இப்போது அவசியம் இல்லை. 'மரக் கிளாரினெட்' என்று மட்டும் எழுதி, என்ன மரம் என்று எழுதாமல் மலிவாக விற்பதை வாங்க வேண்டாம். சிங்கப்பூரில் இருக்கிற சொந்தக்காரரை எடுத்து வரச் சொல்லலாமா என்றால், சொல்லலாம். 2017-ல் இந்த மர இனம் முழுவதையும் சைட்டிஸ் என்கிற, அருகிவரும் உயிரின வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தபோது வாத்தியத்துக்கும் பேப்பர் கேட்டார்கள், 2019 கடைசியில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். சுங்க வரி வேறு கதை. ஆனால் ஊதிப் பார்க்காமல் எடுத்து வருவது எனக்குச் சம்மதம் இல்லை. ஒரே மாடலில் இரண்டு வாத்தியம் ஒன்றுபோல் பேசாது. உங்கள் மவுத்பீஸைக் கொண்டுபோங்கள், தம்பூரா ஆப்பைப் போட்டுக் கீழே ஒரு ஸ்வரத்தைப் பிடியுங்கள், விரலை மாற்றாமல் ஸ்தாயி கீயை அழுத்துங்கள். சட்ஜத்தில் அழுத்தினால் மேல் சட்ஜம் வராது, அதையும் தாண்டிப் பஞ்சமம் வரும், இந்த வாத்தியத்தின் குணம் அது. அந்தப் பஞ்சமம் தம்பூராவோடு ஒட்டுகிறதா என்று கேளுங்கள். பிறகு நடுப் பொருத்தைக் கழற்றி மாட்டுங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. புதிதில் இரண்டு வாரம் நாளுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஊத வேண்டாம். ஊதினதும் துணியை உள்ளே விட்டு இழுங்கள், முக்கியமாகக் கழுந்தையும் குழியையும் தனியாகத் துடையுங்கள்.

இனித் தீர்ப்பு. மேலே சொன்ன கீழ் ஸ்தாயியையும் ஆச்சியையும் வைத்துப் பார்த்தால் வாங்கு என்றுதான் நான் சொல்ல வேண்டும். சொல்லப்போவதில்லை. வேண்டாம் தம்பி. இருக்கிற பிளாஸ்டிக்குக்கு ஒரு வாண்டோரன் பி45 மவுத்பீஸும் நல்ல ரீடும் போடுங்கள், துளைகளை மூடுகிற பேட்களை மாற்றுங்கள், பாதி வித்தியாசம் அதிலேயே வந்துவிடும். அதற்கு மேலும் ஆசை அடங்கவில்லை என்றால், கருமரத் தூளைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்கிற பஃபே கிரீன்லைன் இருக்கிறது. விலை கடிக்கும், ஆனால் நம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் பயப்படாது. இது ஐப்பசியில் சொல்கிற பதில், தை பிறந்து கேட்டால் மாறினாலும் மாறும்.

இதையெல்லாம் கேட்டபிறகும் மரம்தான் என்றால், சென்னைக்குப் போகிற அன்று எனக்கும் ஒரு டிக்கெட் போடுங்கள். தொண்டை ஸ்வரத்தை நான் ஊதிப் பார்த்துச் சொல்கிறேன்.