ஜெஸ்ஸி ஜேம்ஸ் ஊர்ல மெட்டல் டிடெக்டரோட சில வருஷம்

காரெட் ஏடி ப்ரோ டிடெக்டர் என் கைக்கு வந்து சில வருஷம் ஓடிருச்சு. பெட்டியப் பிரிச்ச மறுநாளே எழுதுற ரிவ்யூ இல்ல இது, மழை சேறு வெயில்னு எல்லாத்துலயும் தூக்கிட்டு அலைஞ்சப்புறம் எழுதுறேன். நான் இருக்கிறது அமெரிக்கால மிசௌரி, கேன்சஸ் சிட்டிக்கு வடக்க கிளே கவுன்ட்டி, அதாவது 1860, 70கள்ல பேங்க் கொள்ளையில பேர் போன ஜெஸ்ஸி ஜேம்ஸ் பொறந்த கார்னி ஊருக்குப் பக்கம். அதனாலயே என்கிட்ட இதப்பத்தி விசாரிக்கிறவங்கள்ல பாதிப் பேரு கேக்குறது மெஷினப் பத்தி இல்ல, "அந்தக் கொள்ளக்காரன் பொதச்ச தங்கம் ஏதாச்சும் மாட்டுச்சா?"ன்னுதான். ஊர்ல இருந்து மாமா போன் பண்ணாலும் மொதக் கேள்வி "என்ன மாப்ள, பூதம் வழி விட்டுச்சா?"

மொதல்ல மெஷின். 15 கிலோஹெர்ட்ஸ், ஒரே ஃப்ரீக்வென்ஸி, அதாவது ஒரே அலைவரிசைலதான் தேடும். காயில், அதாவது தரை மேல வீசுற தட்டு, 8.5க்கு 11 இன்ச். எடை 1.4 கிலோ கிட்ட, காலைல தெரியாது, மூணு மணி நேரம் வீசினப்புறம் தோள்பட்டை சொல்லும். நாலு டபுள் ஏ பேட்டரிதான், எந்தப் பெட்ரோல் பங்க்லயும் கிடைக்கும், காட்டுக்குள்ள சார்ஜர் தேட வேண்டியதில்ல, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 10 அடி ஆழம் வரைக்கும் தண்ணி தாங்கும், ஆனா கூட வர்ற ஹெட்போன் நிலத்துக்கு மட்டும்தான், தண்ணிக்குள்ள தலைய விடுறதா இருந்தா வேற ஹெட்போன் தனியா வாங்கணும். கடலோரத்துல ஈர உப்பு மணல்ல ஒரே ஃப்ரீக்வென்ஸி மெஷின் எதுவா இருந்தாலும் கத்திட்டேதான் இருக்கும், பீச்சுதான் உங்க இடம்னா மல்டி ஃப்ரீக்வென்ஸி மாடலா பாருங்க. எங்களுக்குக் கடலே கிடையாது, பிரச்சன இல்ல.

கீழ கிடக்குறது என்ன உலோகமா இருக்கும்னு காட்ட ஸ்கிரீன்ல 0 முதல் 99 வரைக்கும் ஒரு நம்பர் வரும். அஞ்சு சென்ட் நிக்கல் 52 வாக்குல, வெள்ளி டைம் (பத்து சென்ட் காசு) 80க்கு மேல, குவார்ட்டர் (25 சென்ட் காசு) 87 பக்கம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா பழைய பீர் கேன்ல இழுத்துப் பிச்சுப் போட்ட புல் டேப்பும் அதே 50 சொச்சத்துலதான் நிக்கும், சின்ன தங்க மோதிரமும் அங்கதான் நிக்கும், அதனால நிக்கல் வேணும்னா டேப்பையும் சேத்துத் தோண்டியே ஆகணும், வேற வழியில்ல. கொஞ்ச மாசம் போனா நம்பரப் பாக்குறத விட்டுட்டு சத்தத்தத்தான் கேப்பீங்க. ரெண்டு பக்கம் இருந்து வீசினாலும் ஒரே மாதிரி வட்டமா, சுத்தமா கேட்டா தோண்டு. ஒரு பக்கம் கேட்டு மறு பக்கம் பிசிறடிச்சா பெரும்பாலும் வளஞ்ச ஆணிதான்.

புதையல் ஆசைல வர்றவங்க கவனிக்காத விஷயம் ஒன்னு இருக்கு. எல்லாரும் இரும்ப ஒதுக்குற காயின்ஸ் மோட்ல போட்டுட்டுத்தான் தேடுறாங்க. கதைல வர்ற தங்கம் எதுல இருக்கு? இரும்புப் பானைல, இரும்புப் பெட்டில! மெஷினுக்கு முதல்ல தெரியிறது பானைதான், அது இரும்பு, நீங்களே வாய மூடிட்டு இருன்னு செட் பண்ணி வச்சிருக்கீங்க. அது போக இந்த சைஸ் காயில் ஒரு டைம் காச ஆறு ஏழு இன்ச்சுல பிடிச்சாலே நல்ல நாள். ஆழத்துல பெரிய சாமான் தேடுறவங்க முன்னாடி ஒரு பெட்டி பின்னாடி ஒரு பெட்டின்னு இருக்கிற தனி வகை டிடெக்டர் வச்சிருப்பாங்க, அதுக்கு ஒத்தக் காசெல்லாம் கண்ணுலயே படாது.

அது கிடக்கட்டும், அப்படி ஒரு பானை இருக்கா? எனக்கு நம்பிக்கை இல்ல, கணக்கே இடிக்குது. 1866ல எங்க பக்கத்து லிபர்ட்டி ஊர் பேங்க்ல பட்டப்பகல்ல கொள்ள போச்சு, ஜேம்ஸ் கூட்டத்தோட சேத்துச் சொல்றது, 60,000 டாலர் வாக்குல, ஆனா அதுல பெரும்பகுதி பாண்டுப் பத்திரம், அதப் பொதச்சா கரையான்தான் திங்கும். பத்து வருஷம் கழிச்சு 1876ல மினசோட்டா நார்த்ஃபீல்டு பேங்குக்கு எட்டுப் பேரு போனாங்க, கிடச்சது 26 டாலர் 70 சென்ட், ஊர்க்காரங்க சுட்டதுல கூட்டமே சிதறிப் போச்சு. 1882 ஏப்ரல்ல கூட்டாளி ராபர்ட் ஃபோர்டே பின்னாலருந்து சுட்டப்போ ஜெஸ்ஸி செயின்ட் ஜோசஃப்ல வேற பேர்ல வாடகை வீட்டுல இருந்தாரு, அடுத்த கொள்ளைக்குத் திட்டம் போட்டுக்கிட்டு. மண்ணுக்குள்ள லட்சக்கணக்குல வச்சிருக்கிறவன் ஏங்க அடுத்த பேங்கத் தேடுறான்? அவரு போனப்புறம் சம்சாரம் வீட்டுச் சாமான ஏலம் விட வேண்டியதாச்சு. இந்தக் கதைல உருப்படியா காசு பாத்தது அவங்க அம்மா ஸெரெல்டா, பண்ணையப் பாக்க வர்றவங்ககிட்ட காசு வாங்கிட்டு, சமாதி மேல கிடக்குற கூழாங்கல்ல 25 சென்ட்டுக்கு வித்துச்சு அந்தம்மா, தீந்தா ஓடைல அள்ளிட்டு வந்து போட்டுக்கிறதாம்.

அந்தப் பண்ணை இப்ப கவுன்ட்டி நடத்துற மியூசியம், டிடெக்டரோட அங்க போகலாம்னு நினைக்கவே வேணாம்.

ஓக்லஹோமால விச்சிட்டா மலைல இருபது லட்சம் டாலர் தங்கம்னு இன்னொரு கதை ஓடுது, அண்ணன் ஃபிராங்க் வயசான காலத்துல அந்தப் பக்கம் போய்க் குடியிருந்தது உண்மைங்கிறதால அது இன்னும் சாகல. அந்த மலைல பெரும்பகுதி ஃபெடரல் வனவிலங்கு சரணாலயம். 1979 சட்டப்படி ஃபெடரல் நிலத்துல நூறு வருஷத்துக்கு மேல பழசான தொல்பொருளத் தோண்டி எடுத்தா கேஸ்தான்.

அப்புறம் எல்லாரும் எடுத்து விடுற சேடில் ரிட்ஜ் புதையல். 2013ல கலிஃபோர்னியால நாயோட நடந்து போன ஒரு ஜோடிக்கு மண்ணுல துருத்திட்டு இருந்த தகர டப்பா கண்ணுல பட்டுச்சு, மொத்தம் 1,427 தங்கக் காசு, மதிப்பு ஒரு கோடி டாலர் வரைக்கும் சொன்னாங்க. உடனே இதுவும் ஜெஸ்ஸி ஜேம்ஸ்தான்னு சில பேரு கிளம்பிட்டாங்க. அதுல 1894 வரைக்கும் அடிச்ச காசு இருக்கு சாமி, ஆளு செத்தது 1882!

எனக்கு உண்மைல காசு கிடச்ச இடமெல்லாம் சாதாரண ஜனங்க நின்ன இடம். 1870கள்ல போட்ட பழைய நிலமேப் லைப்ரரில இருக்கும், அதுல ஒத்த ரூம் பள்ளிக்கூடம் எங்க இருந்துச்சுன்னு குறிச்சிருக்கும், இப்ப அது சோயாபீன் வயலா இருக்கும். வீட்டுப் பின்னால துணிக்கொடி கட்டுன கம்பத்தச் சுத்தியும் தேடணும், துணி காயப் போடுறப்போ பாக்கெட்ல இருந்து விழுந்தது அப்படியே இருக்கும். பெரிய மரத்தடி, பழைய வாசப்படி ரெண்டு பக்கமும். வீட் பென்னி நிறைய, இண்டியன் ஹெட் அப்பப்ப (ரெண்டும் பழைய ஒரு சென்ட் காசு), மெர்க்குரி டைம்ங்கிற பழைய வெள்ளிக் காசு வந்தா அன்னைக்குக் கொண்டாட்டம். 1964 வரைக்கும் டைம்ல 90 சதவீதம் வெள்ளி, அதான் நூறு வருஷம் மண்ணுல கிடந்தாலும் தேய்க்காமலே பளிச்சுன்னு வரும், செம்புக் காசு பச்சையா அரிச்சுப் போயிருக்கும். தயவுசெஞ்சு பிரஷ் போட்டுத் தேய்ச்சுத் தொலைக்காதீங்க, விலை போயிரும்.

தனியார் நிலம்னா ஓனர்கிட்ட நேர்ல போய்க் கேளுங்க, கிடைக்கிறதுல யாருக்கு என்னன்னு ஒரு தாள்ல எழுதிக்கோங்க. அறுவடை முடிஞ்சு மழை பேஞ்ச வாரம்தான் பெஸ்ட், ஈர மண்ணுல சிக்னல் நல்லா வரும். ஜூன் ஜூலைல உண்ணி, கண்ணுக்கே தெரியாத சிகர் பூச்சி ரெண்டும் சேந்து கடிச்சு வைக்கும், பேன்ட்ட சாக்ஸுக்குள்ள விட்டுக்கோங்க.

இத இந்தியாவுக்குக் கொண்டு போலாமான்னு கேக்குறவங்களுக்கு: அங்க 1878லயே போட்ட புதையல் சட்டம் இன்னும் இருக்கு, பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடச்சா கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும். கோயில் பக்கம் மெஷினோட போனீங்கன்னா ஊர்க்காரங்களே பாத்துக்குவாங்க.

வாங்கலாமா? வயலு, பார்க்கு, ஓடைன்னா தாராளமா வாங்கலாம், செகண்ட் ஹேண்ட்லயும் நிறைய கிடைக்குது, காயில் கம்பியோட சேர்ற காதுல விரிசல் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. கையோட ஒரு பின்பாயின்டரும் (குழிக்குள்ள காசு எங்கன்னு துல்லியமா காட்டுற கையடக்க டிடெக்டர்) வாங்கிருங்க, அது இல்லாம ஒரு டைமுக்காக அடுத்தவன் புல்தரைல அடி அகலத்துக்குக் குழி வெட்டுனா மறுபடி உள்ள விட மாட்டான்.