வெல்வெட்டா, ஜில்லா, மிஸ்டியா: குதிரைக் கதைகளில் அம்மாவைத் தேடி

அண்ணன் மகளுக்குச் சென்ற ஆண்டு 12 வயது முடிந்தது. மெரினா மணலில் இரண்டு முறை குதிரை ஏறியதிலிருந்து அவளுக்குக் குதிரைப் பித்து. கணக்கு நோட்டின் ஓரமெல்லாம் பிடரி மயிரும் குளம்பும்தான். "பெண் பிள்ளை குதிரை ஓட்டுகிற கதை ஏதாவது இருக்கிறதா, அத்தை?" என்று ஒருநாள் கேட்டாள். என் அலமாரியில் மூன்று இருந்தன. மூன்றும் பழைய புத்தகக் கடைகளில் வெவ்வேறு காலத்தில் வாங்கியவை. ஈனிட் பாக்னால்ட் எழுதிய 'நேஷனல் வெல்வெட்' (1935), மார்கரீட் ஹென்றியின் 'மிஸ்டி ஆஃப் ஷிங்கோடீக்' (1947), ரூபி ஃபெர்குசனின் 'ஜில்ஸ் ஜிம்கானா' (1949). எதை முதலில் கொடுப்பது? முதல் புத்தகம் பிடிக்காவிட்டால் மற்ற இரண்டையும் அவள் தொடமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு மூன்றையும் மறுபடி படித்தேன்.

அவள் கேட்டதில் 'பெண் பிள்ளை' என்ற சொல் முக்கியமானது. புகழ்பெற்ற குதிரைக் கதைகளில் பையன்களுக்குக் குறைவில்லை. 'தி பிளாக் ஸ்டாலியன்', 'மை ஃபிரெண்ட் ஃபிளிக்கா' இரண்டும் அமெரிக்காவில் 1941ஆம் ஆண்டில் வெளிவந்தவை. இரண்டிலும் குதிரைக்காக ஏங்குகிறவன் ஒரு பையன். பிரிட்டனில் காற்று வேறு பக்கம் வீசியது. போர்க்களத்திலும் வண்டியிலும் குதிரைக்கு இருந்த வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொள்ள, குதிரை மெல்ல மெல்ல விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் உரியதானது. 1929இல் சிறுவர் சிறுமியருக்குச் சவாரி கற்றுத்தரும் போனி கிளப் தொடங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அங்கே எழுதப்பட்ட மட்டக்குதிரைக் கதைகளில் பெரும்பாலானவை சிறுமிகளின் கதைகள். எழுதியவர்களும் பெண்களே. ஜோவன்னா கானன் என்ற எழுத்தாளரின் மூன்று மகள்களும் அம்மாவைத் தொடர்ந்து இதே வகைக் கதைகளை எழுதிக் குவித்தார்கள். இந்த விவரத்தை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

மூன்றிலும் குதிரையைப் பற்றிய அறிவு நிறைய இருக்கிறது, மூன்றையும் பயமின்றிக் குழந்தை கையில் கொடுக்கலாம். இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை.

மிஸ்டியை நான் சீக்கிரமே ஒதுக்கினேன். கதை அழகானது. வர்ஜீனியாக் கடலோரத் தீவில் ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில் காட்டு மட்டக்குதிரைகளை நீந்தவைத்து இக்கரைக்கு ஓட்டிவந்து விற்கும் வழக்கம் இன்றும் நடக்கிறது. அந்த நாளின் பரபரப்பை ஹென்றி அளவுக்கு யாரும் எழுதியதாக எனக்குத் தெரியாது. பாலும் மோரீனும் அண்ணன் தங்கை. பெண்குதிரை ஒன்றை வாங்க இருவரும் சேர்ந்து உழைத்து 100 டாலர் சேர்க்கிறார்கள். ஆனால் குதிரைகளை வளைத்துப் பிடிக்கப் போகிறவன் பால் மட்டும்தான். பந்தயத்தில் யார் ஓட்டுவது என்று, சீட்டுப் போடுவதுபோல, கோழியின் கவட்டை நெஞ்செலும்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துப் பார்க்கிறார்கள், அதிலும் அவனே வெல்கிறான். சம்பாதித்ததில் பாதி மோரீனுடையது. சேணத்தில் ஏறும் நேரம் வரும்போதோ அவள் வேலியோரம் நின்று பார்க்கிறாள். 12 வயதில் இதைப் படித்தபோது எனக்கு அது உறுத்தவே இல்லை. இப்போது உறுத்துகிறது. அண்ணன் மகளுக்கு முதல் புத்தகமாக இது வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

ஜில்லை அப்படி எளிதில் ஒதுக்க முடியவில்லை. படிக்கச் சுகமான புத்தகம் எது என்று மட்டும் கேட்டால் ஜில்தான். அப்பா இறந்தபின் அம்மாவோடு சிற்றூரில் குடியேறும் சிறுமி, தன் கதையைத் தானே சொல்கிறாள். வாசகரை நேராகப் பார்த்துப் பேசுகிறாள். தவறு செய்தால் மறைப்பதில்லை. பணக்கார எதிராளி சூசன் பைக்கின் மீது உள்ள எரிச்சலையும் மறைப்பதில்லை. குதிரை கிடைத்தபின் அதை வைத்துக்கொள்வது எவ்வளவு வேலை என்பதையும் அவள் கதை நேர்மையாகச் சொல்கிறது. தீனி வைக்க வேண்டும், தேய்த்துவிட வேண்டும், சேணத்தைத் துடைக்க வேண்டும். இவற்றைச் செய்து செய்துதான் அவள் குதிரைக்காரி ஆகிறாள். போரில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் விமானப்படை வீரர் மார்ட்டின் அவளுக்குச் சவாரி கற்றுக்கொடுக்கிறார். 1949இன் இங்கிலாந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றும். குதிரை விளையாட்டுப் போட்டியைக் குறிக்கும் ஜிம்கானா என்ற சொல்லே இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனது என்று சொன்னபோது அண்ணன் மகளுக்கு ஒரே மகிழ்ச்சி.

ஜில்லின் அடையாளத்தில் பிளவு இல்லை. அவள் சிறுமியாகவே ஏறுகிறாள், சிறுமியாகவே வெல்கிறாள். ஊரில் யாரும் அவளை ஏன் ஏறினாய் என்று கேட்பதில்லை. இதைத்தான் என் தோழி ஒருத்தி பெரிய பலமாகச் சொன்னாள். "வெல்வெட் ஆண் வேடம் போட்டல்லவா பந்தயத்தில் ஓடுகிறாள்? அதையா முதலில் கொடுக்கப் போகிறாய்?" என்றாள்.

நியாயமான கேள்விதான். 'நேஷனல் வெல்வெட்' கதையைச் சுருக்கமாகச் சொன்னால் அப்படித்தான் படும். சஸெக்ஸ் கடலோரக் கிராமத்தில் ஒரு கசாப்புக் கடைக்காரர். அவருடைய மகள்களில் கடைசி வெல்வெட் பிரவுன். வயது 14. ஒல்லிக்குச்சி உடம்பு, பல்லைச் சீராக்கக் கம்பித் தகடு, பதற்றம் வந்தால் குமட்டல். குலுக்கல் சீட்டில் அவளுக்குக் கறுப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாக உள்ள அடங்காத குதிரை ஒன்று விழுகிறது. அதை கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் ஓடவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். லிவர்பூலுக்கு அருகே எய்ன்ட்ரீயில் நடப்பது அது. 4 மைலுக்கும் மேல், குதிரை தாண்ட வேண்டிய 30 தடைகள். அந்நாளில் பெண்கள் அதில் ஓட்ட முடியாது. முடியைக் கத்தரித்து, ஆண் ஜாக்கியின் பெயரில் ஏறி, முதலாவதாக வருகிறாள். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் குதிரையிலிருந்து சரிகிறாள், மருத்துவர் சோதிக்கும்போது பெண் என்பது வெளிப்படுகிறது, வெற்றி பறிபோகிறது.

ஆனால் வெல்வெட் ஓரிடத்திலும் ஆணாக இருக்க ஆசைப்படுவதில்லை. வேடம் அவளுக்கு வாசலில் காட்டும் டிக்கெட், அவ்வளவுதான். விதியை எழுதியவர்கள் கேட்கிறார்கள், காட்டிவிட்டு உள்ளே போகிறாள். புகழ்கூட அவளுக்காக இல்லை. தன் குதிரையின் பெயர் வரலாற்றில் நிற்க வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு. அந்த விதி கதைக்காகக் கட்டியதும் அல்ல. பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் பிரிட்டனில் 1975இல் வந்த பிறகு, 1977இல்தான் சார்லட் புரூ என்ற பெண் முதன்முதலாக அந்தப் பந்தயத்தில் ஓட்டினார். 27ஆவது தடையில் அவருடைய குதிரை நின்றுவிட்டது. 1982இல் ஜெரால்டின் ரீஸ் பந்தயத்தை முடித்த முதல் பெண் ஆனார். 2021இல், கொரோனாவால் பார்வையாளர் இல்லாத மைதானத்தில், ரேச்சல் பிளாக்மோர் மினெல்லா டைம்ஸ் என்ற குதிரையில் வென்றார். நாவல் வந்து 86 ஆண்டுகள் ஆகியிருந்தன. பெண்ணுக்கு விலக்கே இல்லாத சிற்றூர் மைதானத்தில் ஜில் ஓடுகிறாள். அந்த விலக்கு உண்மையில் இருந்த இடத்துக்கே வெல்வெட் போகிறாள். வேடத்தை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடுவது சரியில்லை.

இதுவும்கூட என் முடிவுக்குக் காரணம் இல்லை. காரணம் அம்மா.

மூன்று புத்தகங்களிலும் வீட்டிலுள்ள மூத்த பெண் யார், அவருக்கும் குதிரைக்கும் என்ன உறவு என்று மட்டும் பாருங்கள். மிஸ்டியில் பிள்ளைகள் தாத்தா பாட்டி வளர்ப்பில் இருக்கிறார்கள். குதிரைப் பேச்செல்லாம் தாத்தாவோடு. பாட்டி அன்போடு வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். ஜில்லின் அம்மா குழந்தைகளுக்குக் கதை எழுதிக் குடும்பத்தைத் தாங்கும் பெண். இத்தகைய அம்மாவை அந்தக் காலக் கதையில் காண்பதே அரிது. மகளுடைய ஆசையை அவர் மதிக்கிறார். ஆனாலும் குதிரை விஷயத்தில் வெளியாள். அம்மாவின் கதைகள் மகளுக்குப் பிடிப்பதில்லை, மகளின் குதிரை அம்மாவுக்குப் புரிவதில்லை. ஒருவர் மீது ஒருவருக்குப் பாசம் உண்டு. ஒருவர் வேலைக்குள் மற்றவர் நுழைவதில்லை. இந்த வரிசையில் ஒன்பது புத்தகங்கள் உள்ளன, நான் முதல் மூன்றைத்தான் படித்திருக்கிறேன். பின்னால் இது மாறியிருக்கலாம்.

வெல்வெட்டின் அம்மா திருமதி பிரவுன் பருத்த உடம்புக்காரர், அதிகம் பேசாதவர், கடைக் கணக்கும் ஐந்து பிள்ளைகளும் அவர் பொறுப்பு. அந்த அம்மா 19 வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தவர். வீட்டில் வேலை செய்யும் மீ டெய்லரின் தந்தைதான் அன்று அவருக்குப் பயிற்சி கொடுத்தவர். கசாப்புக் கடைக்குப் பின்னால் சமைத்துக்கொண்டிருக்கும் இந்தப் பெண் யார் என்று ஊருக்கு ஒருகாலத்தில் தெரிந்திருந்தது. இப்போது பாதி மறந்துவிட்டது. அவர் மறக்கவில்லை. மகள் பந்தயத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் அதிர்வதில்லை, அழுவதில்லை, 'ஜாக்கிரதை' என்பதில்லை. ஒரு பெரிய காரியம் உடம்பில் என்ன செய்யும், முடிந்த மறுநாள் வீடு எப்படி இருக்கும், கைதட்டல் எத்தனை நாள் நிற்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதைத் தெரிந்தவராகவே மகளிடம் பேசுகிறார். 1944இல் வந்த திரைப்படத்தில், நீந்தி வென்ற பரிசுத் தங்கக் காசுகளைப் பரணிலிருந்து எடுத்துப் பந்தய நுழைவுக் கட்டணத்துக்கு மகளிடம் கொடுப்பார். அந்த அம்மாவாக நடித்த ஆன் ரெவேருக்கு ஆஸ்கர் கிடைத்தது. மகளாக நடித்த எலிசபெத் டெய்லருக்குப் பெரும்புகழ் கிடைத்த படம் அது. எனக்கு நினைவில் நிற்கிற முகம் ரெவேருடையது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே சிலிர்த்தது. உண்மையில் ஆங்கிலக் கால்வாயை நீந்திய முதல் பெண் அமெரிக்கரான கெர்ட்ரூட் எடர்லி, ஆண்டு 1926. அதற்கு முன் கடந்த ஆண்கள் எல்லோரையும்விட வேகமாகக் கடந்தார். 1935இல் வெளிவந்த நாவலில் வெல்வெட்டுக்கு 14 வயது, அவளுக்கு மேல் மூன்று அக்காக்கள். அம்மா நீந்தியது திருமணத்துக்கு முன். அப்படியானால் திருமதி பிரவுன் எடர்லிக்குப் பல ஆண்டுகள் முன்பே கால்வாயைக் கடந்துவிட்டார்! அம்மா, மகள் இருவருமே உலகில் அதுவரை எந்தப் பெண்ணும் செய்திராத ஒன்றைக் கதைக்குள் செய்துவிடுகிறார்கள். பாக்னால்ட் இதை வேண்டுமென்றே செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. புத்தகத்துக்குப் படம் வரைந்தது அவருடைய மகள் லாரியன், அப்போது சிறுமி. அம்மா எழுத, மகள் வரைந்திருக்கிறாள். கானன் குடும்பத்தை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். இந்தக் கதைகளை உண்டாக்கிய வீடுகளில் அம்மாவும் மகளும் ஒரே வேலைக்குள் இருந்தார்கள். ஆனால் நான் படித்தவற்றில் கதைக்குள் அப்படி இருப்பது வெல்வெட்டில் மட்டுமே.

12 வயதில் ஒரு பெண் 'நான் யாராகப் போகிறேன்' என்று தேடும்போது குதிரை அவளை எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். திரும்பி இறங்கும் வீட்டில் அதைப் புரிந்துகொள்ளும் ஒருவராவது இருக்கிறாரா என்பதை நான் பார்த்தேன். கொடுத்தது 'நேஷனல் வெல்வெட்'தான்.

கொடுக்க நினைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். நடை எளிதல்ல, முதல் ஐம்பது பக்கங்களில் கதை நகரவே நகராது, கிராமத்துப் பேச்சு ஆங்கிலம் வேறு. வீட்டை ஒட்டியே இறைச்சி வெட்டும் கூடம் இருக்கிறது. தன் குதிரைகளை வெல்வெட்டுக்கு எழுதிவைத்துவிட்டு ஒரு முதியவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அந்தப் பக்கங்களை அவளைத் தனியாகப் படிக்க விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில் சொல்லி, அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். சனி, ஞாயிறு மாலைகளில் படித்து முடிக்க இரண்டரை மாதம் ஆயிற்று. தானே படித்துக்கொள்ள வேண்டிய குழந்தைக்கு, அதுவும் பத்து வயதுக்கு, என்றால் நான் ஜில்லைத்தான் கொடுப்பேன். ஒரே ஒரு குழந்தையிடம் பார்த்த அனுபவம் இது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜில்லைப் பிறகு வாங்கிப்போனாள். நான்கு நாளில் சிரித்துக்கொண்டே முடித்துத் திருப்பிக் கொடுத்தாள். மிஸ்டி இப்போது அவள் மேசையில் இருக்கிறது. போன வாரம் தொலைபேசியில் மோரீனைப் பற்றித்தான் ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. "வெல்வெட்டோட அம்மா அதற்குப் பிறகு ஒரு தடவையாவது கடலில் இறங்கியிருப்பாரா, அத்தை? வீட்டு வாசலிலேயே கடல் இருக்கிறதே?"

இத்தனை முறை படித்தும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. புத்தகத்தை அவளிடமிருந்து திருப்பி வாங்கி வந்திருக்கிறேன்.