ஆலாவா, கடற்காகமா: கடலின் நலத்தை எதை வைத்துப் பார்ப்பது?
திருநெல்வேலி மாவட்டத்து உவரிக் கடற்கரையில் குளிர்காலக் காலையில் இந்த இரண்டு கடற்பறவைகளையும் பார்க்கலாம். லடாக், திபெத் ஏரிப்பக்கமிருந்து வரும் பழுப்புத்தலைக் கடற்காகம் வலை உதறும் இடத்தையே சுற்றும். கழித்துப்போட்ட மீன், குடல், குப்பை எதுவும் அதற்கு ஆகும். அது கூடினால் கரையில் கழிவு கிடக்கிறது என்று தெரியும், அவ்வளவே.

ஆலா அப்படியில்லை. அலைக்கு மேலே சிறகடித்து ஒரு கணம் நின்று, தலைகுப்புற விழும். எழும்போது அலகில் குறுக்காக ஒரு நெத்திலி மின்னும். மேல்மட்டத்தில் உயிருள்ள சிறுமீன் இருந்தால்தான் அதன் குஞ்சுக்கும் இரை. நெத்திலியும் சாளையும் விலகினால் முதலில் வாடுவது அதுதான்.

உலகில் கணக்கெடுக்கப்பட்ட கடற்பறவைகள் 1950க்கும் 2010க்கும் இடையில் சுமார் 70 விழுக்காடு குறைந்துவிட்டன. நினைத்தாலே நெஞ்சு பதைக்கிறது. ஒன்றைத்தான் எண்ண முடியுமென்றால், நான் ஆலாவைத்தான் எண்ணுவேன்.