ஐந்து கட்டைக்கு மேலே முனகும் ஸ்டெபிலைசர்

பழுதுபார்க்கக் கொடுத்திருந்த ஸ்டெபிலைசர் திரும்பி வந்துவிட்டது. கண்ட்ரோல் போர்டு மாற்றியாயிற்று, கார்பன் பிரஷ் மாற்றியாயிற்று, முன்பக்க மீட்டர் 230 என்று ஆடாமல் நிற்கிறது. சத்தம் மட்டும் போன மாதிரியே வந்திருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால், எல்லா ட்ரான்ஸ்ஃபார்மரும் கொஞ்சம் பாடத்தான் செய்யும் என்கிறார். பாடட்டும், சுருதியோடு பாடினால் எனக்கென்ன ஆட்சேபணை?

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு பழைய வீட்டில் குடியிருக்கிறேன். ஹாலில் ஒரு நாட் 3020 ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), பெல்ட்டில் ஓடும் பழைய டர்ன்டேபிள், ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர். இவற்றுக்கும் சுவருக்கும் நடுவே 3 கேவிஏ சர்வோ ஸ்டெபிலைசர். சில வருடங்களாக ஓடுகிறது. கம்பெனி பெயர் வேண்டாம். நான் திட்டப்போவதில் முக்கால்வாசி எந்த சர்வோ ஸ்டெபிலைசருக்கும் பொருந்தும்.

முதலில் அந்த முனகல். இங்கே கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ட்ரான்ஸ்ஃபார்மரின் இரும்பு ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் ஒருமுறை விரிந்து சுருங்கும், அதனால் சத்தம் 100 ஹெர்ட்ஸில் வரும். இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கர்நாடக சங்கீதம் கேட்கிறவனுக்கு அந்த 100 ஒரு தனித் தண்டனை. ஐந்து கட்டைச் சுருதியில் பாடுகிற ஒருவருக்குத் தம்புரா மீட்டினால் அதன் மந்தர ஷட்ஜம், அதாவது கீழ் ஸா, 98 ஹெர்ட்ஸ். ஐந்தரைக் கட்டைக்கு ஏறக்குறைய 104. நம் பெட்டி இரண்டுக்கும் சேராமல் நடுவில் 100-இல் உட்கார்ந்துகொள்கிறது. பாடகிகள் பலர் ஐந்து, ஐந்தரையில்தான் பாடுகிறார்கள். ரெக்கார்டில் தம்புரா 98, மூலையில் பெட்டி 100. இரண்டும் உரசி விநாடிக்கு இரண்டு அலை எழும்புகிறது. ஆலாபனையில் மூச்சு விடும் இடைவெளியில் அந்த "ம்ம்...ம்ம்" தெளிவாகக் கேட்கும். சுருதி கூட்டத் தெரியாத ஒருவர் தம்புராவோடு மேடையின் ஓரத்தில் அமர்ந்திருக்கிறார், எழுந்து போகச் சொல்லவும் வழியில்லை என்கிற நிலைமை.

காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் போட்டால் இந்தத் தொல்லை தெரியாது. தவிலும் சேர்ந்துவிட்டால் பெட்டியாவது முனகலாவது. மாலியின் புல்லாங்குழல் போட்டால்தான் வினை. அவர் விடுகிற மௌனத்தையெல்லாம் இது நிரப்பிவிடும்.

அடியில் ரப்பர் வைத்துப் பார்த்தேன், கார்க் வைத்துப் பார்த்தேன். தரையில் இறங்கும் அதிர்வு குறைந்தது, காற்றில் வருவது குறையவில்லை. வீட்டம்மா ஹேர் டிரையரைப் பாதி வேகத்தில் போட்டால் முனகல் உறுமலாகிவிடும். சில டிரையர்களில் பாதி வேகம் என்பது கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடை வழியில் போட்டு அரை அலையை வெட்டுகிற வேலைதான். அது வீட்டு லைனில் கொஞ்சம் டிசி-யைக் கலந்துவிடும், வளையமாகச் சுற்றிய ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அதைத் தாங்கத் தெரியாது. "முழு வேகத்திலேயே போடேன்" என்றேன். "முடி கருகினால் உங்கள் பாட்டு வந்து வளர்த்துத் தருமா?" என்ற பதிலோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

இரண்டாவது தொல்லை, சர்வோ மோட்டார். உள்ளே இருப்பது எளிய ஏற்பாடு. செப்புக்கம்பிச் சுற்று, அதன்மேல் வழுக்கிப் போகும் கார்பன் பிரஷ், அந்தப் பிரஷை நகர்த்த ஒரு சின்ன மோட்டார். வோல்டேஜ் இறங்கினால் இந்தப் பக்கம், ஏறினால் அந்தப் பக்கம். சமையலறையில் கெட்டில் போட்டால் வீட்டு லைனில் இரண்டு மூன்று வோல்ட் இறங்கும், உடனே "கிர்ர்". தண்ணீர் கொதித்துக் கெட்டில் அணைந்தால் மறுபடி "கிர்ர்". சாயங்காலம் தெருவே அடுப்பும் கீசருமாக இருக்கும்போது இது ஓய்வதே இல்லை. பிரஷ் தேய்ந்துவிட்டால் பொறி பறக்கும், அந்தப் பொறி ஸ்பீக்கரில் "டிக்" என்று விழும். டர்ன்டேபிள் ஊசியிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட், அதை ஆம்ப்பின் முதல் பகுதியான ஃபோனோ ஸ்டேஜ் மட்டுமே நூறு மடங்கு பெருக்குகிறது. பக்கத்தில் பொறி பறந்தால் அதையும் சேர்த்துத்தான் பெருக்கும். ரெக்கார்டில் கீறல் என்று நினைத்து ஊசியைத் தூக்கிப் பார்த்தால் கீறலே இருக்காது. பிரஷ் மாற்றிய பிறகு டிக் போய்விட்டது, அது வரைக்கும் நன்றி. கிர்ர் போகாது, அது பிறவிக்குணம்.

இதை ஏன் வாங்கினேன் என்றால், முறைவைத்துக் கரண்டை வெட்டும் லோட்ஷெடிங் காலம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சில மாதங்கள் டர்பனுக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். அது முடிந்ததும் மற்ற ஊர்களோடு நாங்களும் வரிசையில் சேர்ந்தோம். வெட்டு எவ்வளவு என்பதற்கு ஸ்டேஜ் 4, ஸ்டேஜ் 6 என்று கணக்கு, நேரம் சொல்லும் எஸ்கொம்செபுஷ் ஆப்பைப் பார்த்துத்தான் சோறு வடிப்பது. கரண்ட் போவதைவிடத் திரும்பி வருவதுதான் அபாயம். தெருவிலுள்ள எல்லாக் கீசரும் ஃப்ரிட்ஜும் ஒரே நேரத்தில் கையை நீட்ட, வோல்டேஜ் தாழ்ந்து, எகிறி, மறுபடி தாழ்ந்து, அடங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இங்கே விதிப்படி 230-க்குப் பத்து சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 207 முதல் 253 வரை எல்லாமே சரிதான். என் ஆம்ப்போ பின்பக்கத்தில் 220 என்று போட்டுக்கொண்டு வந்த பழைய ஆள்.

சரி, வோல்டேஜ் இறங்கினால் ஆம்ப்புக்கு உண்மையில் என்ன ஆகிறது? இந்த மாதிரி ஆம்ப்புகளில் அவுட்புட் பகுதிக்குப் போகும் சப்ளை ரெகுலேட் செய்யப்படாதது. சுவரில் பத்து சதவீதம் குறைந்தால் உள்ளேயும் பத்து சதவீதம் குறையும். சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பின்தொடர்வதால் 20 வாட் என்பது 16 வாட் ஆகும். கேட்கப் பயமாக இருக்கிறது அல்லவா? டெசிபெல்லில் பார்த்தால் ஒன்றுக்கும் குறைவு. அதுவும் வால்யூமை முட்டும்வரை திருகினால்தான். சாதாரணமாகக் கேட்கும்போது ஆம்ப் கொடுப்பது ஒன்றிரண்டு வாட், அதற்கு 207-உம் ஒன்றுதான் 230-உம் ஒன்றுதான். நிலையான வோல்டேஜில் பாஸ் இறுகுகிறது, மேடை விரிந்தது போலக் கேட்கிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு எதுவும் இறுகவில்லை. வோல்டேஜ் கூடுவதுதான் கவலைக்குரியது. ராத்திரி 245 வந்தால் 220-க்குச் செய்த பெட்டியின் உள்ளே எல்லாமே பதினொரு சதவீதம் மேலே நிற்கும், கெபாசிட்டர் சூட்டில் வயதாகும். வால்வ் (கண்ணாடிக் குழாய்) ஆம்ப் வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7 வோல்ட் போனால் வால்வின் ஆயுள் குறையும்.

டர்ன்டேபிளுக்கு வோல்டேஜ் ஒரு பொருட்டே இல்லை. சின்க்ரனஸ் மோட்டார், அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. அரசு மின் நிறுவனமான எஸ்கொம் ஊரை இருட்டாக்கியதே அந்த 50 ஹெர்ட்ஸ் சரியாமல் காப்பதற்காகத்தான். தேவை உற்பத்தியை மிஞ்சினால் ஃப்ரீக்வென்சி இறங்கும், இறங்கவிட்டால் நாடு முழுக்கக் கிரிட் விழும், அதனால் சிலருக்கு வெட்டி மற்றவர்களைக் காப்பாற்றினார்கள். பக்கத்து ஏரியா இருட்டில் கிடந்ததால்தான் என் ரெக்கார்ட் சுருதி பிசகாமல் சுற்றியது! சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். லோடு குறைவாக இருந்தால் 52 ஹெர்ட்ஸ் சாதாரணமாக ஓடும். நாலு சதவீதம் வேகம், அரைக் கட்டையில் பாதிக்கும் மேல் சுருதி ஏற்றம். பாடகருக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரம் வந்துவிடும். எந்த ஸ்டெபிலைசரும் இதைச் சரிசெய்யாது.

இத்தனையும் சொல்லிவிட்டு அந்த ராத்திரியைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. குளிர்காலம், லோட்ஷெடிங் எதுவும் இல்லை. திடீரென்று ஹால் பல்பு கண் கூசும் வெளிச்சத்துக்குப் போனது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அங்கிள், "தம்பி, மெயின் சுவிட்ச் போடு கீழே!" என்று கத்தினார். பெரும்பாலும் இங்கிலீஷில்தான் பேசுவார், அவசரத்துக்குத் தமிழ் வந்தது. நான் டிபி போர்டுக்கு ஓடுவதற்குள் ஸ்டெபிலைசர் "டொக்" என்று அவுட்புட்டை வெட்டிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அதன் உள்ளேயிருந்து புகை.

தெருவில் நியூட்ரல் கம்பி போயிருந்தது. செம்புக்காக அறுத்தார்களா, இணைப்பு கருகியதா, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நியூட்ரல் போனால் என்ன நடக்கும் என்பது தெரியாதவர்களுக்கு: தெருவில் மூன்று ஃபேஸ் போகிறது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃபேஸும் நியூட்ரலும். இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட். நியூட்ரல் அறுந்தால் இந்த வீடும் எதிர் வீடும் அந்த 400-க்கு நடுவே தொடராக மாட்டிக்கொள்ளும். அங்கே கீசர், அடுப்பு எல்லாம் ஓடி இங்கே ஒரு பல்பும் ஆம்ப்பும் மட்டும் ஓடினால், வோல்டேஜில் பெரும்பங்கு இங்கே வந்து விழும். சிக்கனமாக இருப்பவன் வீடுதான் எரியும். அங்கிள் வீட்டில் மைக்ரோவேவும் டிவியும் போயின. எங்கள் வீட்டில் பல்புகள், ஃபோன் சார்ஜர், அப்புறம் ஸ்டெபிலைசரின் போர்டு. உள்ளே எகிறலை விழுங்குவதற்கு இருந்த வேரிஸ்டர் வெடித்து ஷார்ட் ஆகி அதன் பிரேக்கரையே விழவைத்திருந்தது. நாட் 3020 மறுநாள் ஒன்றுமே நடக்காதது போலப் பாடியது.

ஆக, இந்தப் பெட்டி தன் வேலையைச் செய்தது. ஒரே ஒரு முறை, முழுமையாக. மற்ற எல்லா ராத்திரியும் யாரும் கேட்காத வேலையைச் சத்தம்போட்டுச் செய்தது.

ஜோஹானஸ்பர்க் அருகே லெனேசியாவில் இருக்கும் நண்பர் ஒருவர், ஹைஃபைக்கு இப்படி ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். 2024 மார்ச்சில் லோட்ஷெடிங் நின்று மாதக்கணக்கில் வராமல் இருந்ததிலிருந்தே பலர் இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர் எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறார்கள். அவர்கள் வாங்கிய விலையில் பாதிக்குக்கூடச் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. நான் சொன்னது: வாங்காதீர்கள். உங்கள் மீட்டரில் வோல்டேஜ் தினமும் 200-க்குக் கீழே போகாத வரை சர்வோ உங்களுக்குத் தேவையே இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டிபி போர்டில் ஒரு ஓவர்-அண்டர் வோல்டேஜ் ரிலே போடச் சொல்லுங்கள். சின்னப் பெட்டிதான். வோல்டேஜ் எல்லை மீறினால் வீட்டையே வெட்டிவிடும், சரியான பிறகும் நாம் வைக்கிற நிமிடக் கணக்குக்குக் காத்திருந்துதான் சேர்க்கும். நியூட்ரல் போன ராத்திரிக்கு அது போதும், முனகாது. மழைக்காலத்தில் ஜோஹானஸ்பர்க் பக்கம் இடி அதிகம், அதற்கு சர்ஜ் அரெஸ்டர் தனியாக வேண்டும். அந்த அரெஸ்டர் கணநேரத்து எகிறலை மட்டுமே தாங்கும், மணிக்கணக்கில் 300 வோல்ட் வந்தால் தாங்காது. ஆகவே ஒன்றை வாங்கி மற்றதை விட்டுவிடக் கூடாது. மின்னல் தெரிந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவது இரண்டையும்விட நல்லது. நம் ஊர் 15 ஆம்பியர் பவர் பிளக்கின் அளவே இங்கேயும் என்பதால் பிடுங்கக் கொஞ்சம் பலம் வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாம் கேட்டுக்கொண்டு, "அப்படியானால் உங்களுக்கும் அது தேவையில்லையே, எனக்குக் கொடுத்துவிடுங்கள், டிவிக்கு வைத்துக்கொள்கிறேன்" என்றார்.

கொடுக்க மாட்டேன் என்றேன். காரணம் கேட்டார், சொல்லத் தெரியவில்லை. ரிலேயும் அடுத்த மாதம் போடப்போகிறேன், பெட்டியும் இருக்கும்.