அம்பாசிடருக்கு லேடர் பார் போடப்போய் பட்ட பாடு

கோவை, திருப்பூர் பக்கம் பழைய காரை டிராக் ஓட்ட ரெடி பண்ணலாம் என்ற எண்ணத்தில் இருப்பவர்கள், பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை. பணம் இன்னும் வர வேண்டியிருக்கிறது, பேச்சும் முடியவில்லை.

வண்டி அம்பாசிடர் 1800 ஐ.எஸ்.இசட். இசுசு பெட்ரோல் என்ஜின், அப்பா வாங்கியது. தினமும் வேலைக்கும், ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி தோப்புக்கும் அதில்தான் போகிறேன். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் வாய்ப்புக் கிடைத்தால் 402 மீட்டர், அதாவது கால் மைல் நேர்கோட்டு ரேஸ், ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஹெட் வேலை பார்த்து, கார்புரேட்டரை மாற்றி, பின்னால் கொஞ்சம் அகலமான டயர் போட்டேன். அதற்கப்புறம்தான் தொல்லை. முதல் கியரில் கிளட்சைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் தடதடவென்று குதிக்கும்.

காரணம் இதுதான். சக்கரம் முன்னால் சுற்றும்போது பின் அச்சின் கூடு, அதாவது ஹவுசிங், எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும், என்ஜினிலிருந்து வரும் ஷாஃப்ட் சேருகிற பினியன் மூக்கு மேலே தூக்கும். அச்சைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) அதோடு சேர்ந்து நெளிந்து, பிறகு திரும்ப உதறும். அந்த உதறல்தான் குதிப்பு. என் பட்டைகள் தளர்ந்து, புஷ்ஷும் தேய்ந்து போயிருந்தன. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் இந்தப் பதிவே இருக்காது.

பட்டறைக்காரர் வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார். "தம்பி, பட்டையை வெச்சுக்கிட்டு டிராக் ஓட்ட முடியாதுங்க. எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு லேடர் பார், காயில்ஓவர் போட்டுரலாம். 4130 குரோமோலி பைப்பு, இம்போர்ட்டட் ஷாக்கு." லேடர் பார் என்றால் பின் அச்சை முன்பக்கமாக வண்டியோடு இணைக்கும் ஏணி மாதிரியான கம்பிச் சட்டம், காயில்ஓவர் என்றால் சுருள் ஸ்பிரிங் சுற்றிய ஷாக், குரோமோலி என்றால் உறுதியான எஃகுக் கலவை. மொத்தம் 1,10,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000, மூன்று வாரம் என்றார். பில் கேட்டேன். "நம்மளுக்குள்ள எதுக்குங்க பில்லு" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு ஜிபேயில் போட்டேன். அது ஒன்றுதான் இப்போது கையில் இருக்கிற ஆதாரம்.

மூன்று வாரம் நான்கு மாதம் ஆனது. அதை விட்டுவிடலாம், பட்டறை என்றால் அப்படித்தான்.

வண்டியை எடுத்து வந்த அன்றே அவிநாசி ரோட்டில் சந்தேகம் வந்துவிட்டது. லேன் மாற்றினால் முன்பக்கம் திரும்பி அரை நொடி கழித்துப் பின்பக்கம் வருகிறது. வளைவில் இடது டயர் வீல் ஆர்ச்சின் உள்பக்கம் உரசி ரப்பர் நாற்றம். போன் பண்ணினால், "புது செட்டப்பு, பழகப் பழகச் சரியாயிரும்." அடுத்த ஞாயிறு தோப்புப் பாதையில் ஒரு சக்கரம் வரப்பில் ஏறி, மறு சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் அடியில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் வலது பக்க பார், ஹவுசிங்கில் பற்ற வைத்த இடத்தில் பாதிக்கு மேல் கிழிந்து தொங்குகிறது. உள்ளே பக்கத்து சீட்டில் என் பெண். இதே மெயின் ரோட்டில் 80-இல் நடந்திருந்தால் என்று இப்போதும் சில ராத்திரி நினைப்பு வரும்.

டோ பண்ணி கணபதியில் ஒரு லேத்துக்காரரிடம் கொண்டுபோனேன். கிழிந்த இடத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எமரி தாளை எடுத்து பாரின் கறுப்புப் பெயிண்ட்டைத் தேய்த்தார். அடியில் மங்கலான வெள்ளிப் பூச்சு. இன்னும் ஒரு சாண் தள்ளித் தேய்த்தார். ஒரு நீலப் பட்டை தெரிந்தது. "ஏனுங்க, இது பி கிளாஸ் ஜி.ஐ. பைப்புங்க. தண்ணி பைப்பு." பம்ப்புசெட்டுக்குப் பேர் போன ஊரில், கிணற்றில் இறக்க வேண்டியதை என் காரில் மாட்டியிருக்கிறார்கள். துத்தநாகப் பூச்சைத் தேய்க்காமலே பற்ற வைத்ததால் வெல்டு முழுக்கப் பஞ்சு மாதிரி ஓட்டை. போல்ட் தலைகளையும் காட்டினார். வலிமையைக் காட்டும் 8.8, 10.9 என்று எந்தக் குத்தும் கிடையாது, மொட்டைத் தலை. இம்போர்ட்டட் ஷாக்கின் ஸ்டிக்கர் நகத்திலேயே உரிந்து வந்தது.

பைப் நல்லதாக இருந்திருந்தாலும் அந்த செட்டப் என் வண்டிக்கு ஆகாது என்பதுதான் பெரிய விஷயம். இதை விளக்கியவர் சங்ககிரியில் லாரிப் பட்டை வேலையிலேயே காலம் கழித்த ஒரு பெரியவர், அப்பாவுக்குப் பழக்கம். "கண்ணு, பட்டைங்கறது வெறும் ஸ்பிரிங்குன்னு நெனச்சியா? அச்சு முன்ன பின்ன போகாம, பக்கவாட்டுல நகராம புடிச்சிருக்கறதும் அதுதான். அதக் கழட்டுனவன் பக்கவாட்டுக்கு என்னத்த மாட்டுனான்?" எதுவும் மாட்டவில்லை. பட்டையை எடுத்தால் அச்சைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தப் பன்ஹார்ட் ராடோ குறுக்கு லிங்கோ கட்டாயம். அது இல்லாமல்தான் பின் அச்சு தன் இஷ்டத்துக்கு ஆடியிருக்கிறது.

லேடர் பார் ஒவ்வொன்றும் ஹவுசிங்கில் மேலும் கீழும் இரண்டு இடத்தில் இறுகி, முன்னால் ஒரே புள்ளியில் ஆடும். நேர்கோட்டில் சீறிக் கிளம்ப அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரு சக்கரம் ஏறி இன்னொன்று இறங்கினால் இரண்டு பாரும் இரண்டு கோணத்துக்குப் போகப் பார்க்கும், நடுவில் ஹவுசிங் முறுக்கு வாங்கும். அந்த முறுக்கு வெல்டுக்குத்தான் போகும். பெரும்பாலும் டிராக்கிலேயே ஓடுகிற வண்டிக்கு அது சரி. தினமும் வேகத்தடை ஏறி இறங்கும் வண்டிக்கு அதை விற்றவர் ஒன்று தெரியாமல் விற்றிருக்க வேண்டும், இல்லை தெரிந்தே விற்றிருக்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது, ஏனென்றால் வண்டி எதற்கு ஓடுகிறது என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

சரி, பழைய பட்டையையே திரும்பப் போடலாம் என்று கேட்டால், "அது அப்பவே ஸ்கிராப்புல போயிருச்சுங்க" என்றார் பட்டறைக்காரர். கழற்றிய சாமானை அன்றைக்கே டிக்கியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவராதது முழுக்க என் தப்பு. பிறகு உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் மூன்று சனிக்கிழமை அலைந்து ஒரு ஜோடி தேடிப் பிடித்தேன். பெரியவர் அவற்றுக்கு வளைவு ஏற்றி, புதுப் புஷ் போட்டு, முன்பாதியில் கிளாம்ப்பை இறுக்கி, பின்பாதியைத் தளரவிட்டார். பினியன் மூக்கு லேசாகக் கீழே பார்க்கும்படி ஒரு ஆப்புத் தகடு வைத்தார். யூ போல்ட் தகட்டுக்கு அடியில் ஒரு டிராக்ஷன் பார், அதன் முன்நுனியில் ரப்பர் கட்டை. ஹவுசிங் திரும்பப் பார்த்ததும் கட்டை பட்டையின் முன் கண்ணில் முட்டி நிறுத்திவிடுகிறது. குதிப்பு போயே போய்விட்டது. மொத்தச் செலவு, பழைய பட்டை, புது ஷாக் எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய்.

ஆர்.சி. விஷயத்தையும் அந்தப் பட்டறையில் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அடியில்தான் டார்ச் அடிப்பார்.

இப்போதைக்கு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் வரை நேரம் உண்டு, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. வெட்டிய பைப், ஸ்டிக்கர், மொட்டை போல்ட் எல்லாம் ஒரு சிமெண்ட் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். போன வாரம் பட்டறைக்காரர் கூப்பிட்டு, 25,000 தருகிறேன், அந்தச் சாக்கைக் கொடுத்துவிடுங்கள் என்றார். கொடுக்கவில்லை.