பொம்பெயியா, ஹெர்குலேனியமா? நேப்பிள்ஸில் மூன்று நாள் மட்டும் இருந்தால்

நேப்பிள்ஸுக்குப் போகிறோம் என்று சொல்பவர்கள் எல்லோரும் அடுத்ததாகக் கேட்பது ஒன்றுதான்: "மூணு நாள்தான் இருக்கு, எதை விடலாம்?" அந்த ஊரின் அமைப்பு அப்படி. கிழக்கே வெசுவியஸ் எரிமலை, மேற்கே இன்னொரு எரிமலைப் பகுதி, எதிரே கடலில் மூன்று தீவுகள், எரிமலை மூடிய இரண்டு பழைய ஊர்கள். எல்லாமே ரயிலிலோ படகிலோ கிட்டத்தட்ட ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்குப் போட்டியாக இன்னொன்று பக்கத்திலேயே நிற்கும்.

முதலில் பெரிய சண்டையைத் தீர்த்துவிடலாம். பொம்பெயி, ஹெர்குலேனியம் இரண்டில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் ஹெர்குலேனியத்தைச் சொல்வேன். பொம்பெயி குறைந்தது என்பதால் அல்ல. இரண்டும் கி.பி. 79-இல் ஒரே எரிமலையால் அழிந்தாலும், அழிந்த விதம் வேறு. அதனால் இன்று நமக்குக் கிடைப்பதும் வேறு.

வெசுவியஸ் வெடித்த நாளில் காற்று தென்கிழக்குப் பக்கமாக அடித்தது. பொம்பெயி அந்தத் திசையில் இருந்தது. மணிக்கணக்காக நுரைக்கல் மழையாகப் பெய்து, பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்து விழுந்தன. ஹெர்குலேனியமோ மலைக்கு மேற்கே, கடலோரத்தில் இருந்தது. முதல் நாள் அங்கே அவ்வளவாக எதுவும் விழவில்லை. இரவில்தான் சுடுசாம்பலும் வாயுவும் கலந்த அலைகள் மலைச்சரிவில் இறங்கி வந்தன. ஒன்றன் மேல் ஒன்றாக வந்த அலைகள் ஊரைச் சுமார் 20 மீட்டர் ஆழத்துக்குப் புதைத்துவிட்டன.

கரிமூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடந்தது உடனே விளங்கும். காற்று புகாமல் மூடி வெந்தால் மரம் சாம்பலாகாது, கரியாகும். உருவம் அப்படியே நிற்கும். ஹெர்குலேனியத்தில் ஒரு ஊரே மூட்டத்துக்குள் போய்விட்டது. கதவு, கட்டில், உத்தரம், மாடிப்படி, ஒரு குழந்தையின் தொட்டில், அத்திப்பழம், ரொட்டி என்று பொம்பெயியில் பெரும்பாலும் மக்கிப்போனதெல்லாம் இங்கே கரியாகத் தப்பித்திருக்கின்றன. மாடி வீடுகளும் நிற்கின்றன.

அங்கே ஒரு வீட்டுக்கு மரத்தடுப்பு வீடு என்றே பெயர். கூடத்தையும் உள்ளறையையும் பிரிக்கும் மடக்குக் கதவு அதில் இருக்கிறது. நடுப்பகுதியை 18-ஆம் நூற்றாண்டில் சுரங்கம் தோண்டியவர்கள் உடைத்துவிட்டார்கள். இரண்டு பக்கக் கதவுகளும் கன்னங்கரேலென்று அதே இடத்தில் இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் பலகையில் கட்டம் கட்டமாகச் செதுக்கியிருப்பது தெரிகிறது, விளக்கு மாட்டும் வெண்கலக் கொக்கிகூடத் தெரிகிறது. ராத்திரி ஒருவர் கதவை இழுத்துச் சாத்தி விளக்கை மாட்டிவிட்டுப் போயிருப்பார். எத்தனை அரண்மனை பார்த்தாலும் இப்படி ஒரு கொக்கி முன்னால் நின்றது போல் வராது. நான் அங்கேயே கால் மணி நேரம் நின்றேன்.

தெருவில் கொஞ்சம் தள்ளி நெப்டியூன் மொசைக் உள்ள வீட்டை ஒட்டி ஒரு கடை. எண்ணெயோ மதுவோ ஊற்றி வைக்கும் மண்சாடிகளைப் படுக்க வைத்த மரச்சட்டம் பரணில் இன்னும் இருக்கிறது. எல்லோரும் மொசைக்கின் நீலத்தைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து கடையையும் பாருங்கள்.

அப்புறம் பழைய கடற்கரை. அன்றைக்குக் கடல் அலை அடித்த இடம் இன்று ஒரு பள்ளத்தின் அடியில் இருக்கிறது. படகு நிறுத்தும் வளைவறைகளில் ஒதுங்கி, படகுக்காகக் காத்திருந்த சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் 1980-களில் தொடங்கிய அகழாய்வில் கிடைத்தன. அதுவரை ஊர்மக்கள் பெரும்பாலும் தப்பிவிட்டார்கள் என்றுதான் நம்பியிருந்தார்கள். இப்போது அங்கே வைத்திருப்பவை அச்செடுத்த பிரதிகள். பிரதி என்று தெரிந்தும் பார்ப்பது சுலபமில்லை. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

தலையை நிமிர்த்தினால் பள்ளத்தின் விளிம்பில் இன்றைய எர்கோலானோ ஊரின் மாடிகள், கொடியில் காயும் துணிகள். 1969 வரை அந்த ஊருக்கு ரெசினா என்று பெயர். பழைய ஊரின் பெரும்பகுதி அந்த வீடுகளுக்குக் கீழேதான் இன்னும் கிடக்கிறது. நாம் பார்ப்பது ஒரு துண்டு மட்டுமே. இரண்டரை மணி நேரத்தில் நிதானமாக முடியும். எர்கோலானோ ஸ்காவி நிலையத்தில் இறங்கி, நேராகக் கடலை நோக்கிப் பத்து நிமிடம் கீழே நடந்தால் வாசல் வந்துவிடும்.

சரி, பொம்பெயிக்கு வருவோம். அது ஒரு முழு நகரம், அதுதான் அதன் பலம். சுமார் 66 ஹெக்டேர், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படவே இல்லை. 1748-இல் தொடங்கிய வேலை இன்றும் நடக்கிறது. ஊர்ச் சதுக்கம், அதன் பின்னால் வெசுவியஸ், இரண்டு அரங்குகள், ஏறத்தாழ கி.மு. 70-இல் கட்டிய வட்டரங்கம், ரொட்டிக் கடைகள், குளியல் கூடங்கள். ஹெர்குலேனியத்தில் வீட்டுக்குள் நுழைகிறோம் என்றால் பொம்பெயியில் தெருவில் நடக்கிறோம். வண்டிச் சக்கரம் அறுத்த தடம் கருங்கல்லில் விரல் நுழையும் ஆழத்துக்கு இருக்கிறது. தெருக் குழாய்த் தொட்டிகளின் விளிம்பைப் பாருங்கள். குனிந்து தண்ணீர் குடித்தவர்கள் கை ஊன்றிய இடம் மட்டும் வழவழவென்று பள்ளமாகியிருக்கும். நம் கையை வைத்தால் சரியாகப் பொருந்துகிறது. 1863-இல் ஜூசெப்பே ஃபியோரெல்லி என்ற ஆய்வாளர், சாம்பலுக்குள் உடல்கள் விட்டுப்போன வெற்றிடங்களில் சாந்து ஊற்றி உருவங்களை வார்த்தெடுத்தார். அந்த வார்ப்புகளையும் இங்கேதான் பார்க்கலாம்.

ஆனால் கூட்டம். 2024-இல் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அந்த வருடம் நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று உச்சவரம்பு வைத்து, டிக்கெட்டில் பெயரும் போட ஆரம்பித்தார்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நிழல் கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் மதியம் அந்தக் கல்தெருவில் நடப்பது பெரியவர்களால் ஆகாத காரியம். பெயர் குழப்பம் வேறு: பொம்பெயி என்று ஒன்றுக்கு மேற்பட்ட ரயில் நிலையங்கள் இருக்கின்றன. நேப்பிள்ஸிலிருந்து சொரெண்டோ போகும் ரயிலில் ஏறி, 'பொம்பெய் ஸ்காவி, வில்லா தெய் மிஸ்தேரி' என்ற நிலையத்தில் இறங்க வேண்டும். இறங்கினால் எதிரிலேயே வாசல்.

ஆகவே முழு நாள் கையில் இருந்து, முழங்கால் ஒத்துழைத்து, காலை வாசல் திறக்கும்போதே நுழைய முடிந்தால் பொம்பெயி. அரை நாள்தான் என்றாலோ, அம்மா அப்பாவை அழைத்துப் போகிறீர்கள் என்றாலோ ஹெர்குலேனியம். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று சுற்றுலா நடத்துபவர்கள் விற்பார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். இரண்டாவது ஊருக்குள் நுழையும்போது கண் களைத்து, கல் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாலும் நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தை விடக்கூடாது. இரண்டு ஊர்களின் நகை, பாத்திரம், ஓவியம், மொசைக் எல்லாவற்றிலும் சிறந்தவை அங்கேதான் இருக்கின்றன. ஹெர்குலேனியத்தில் கிடைத்த ஒரு ரொட்டியில், குவிந்துஸ் கிரானியுஸ் வேருஸின் அடிமை கேலெரின் ரொட்டி என்று முத்திரை குத்தியிருக்கிறது. பலர் மாவைக் கொண்டுபோய்ப் பொதுவான அடுப்பில் சுட்டதால் அடையாளத்துக்குக் குத்தியது என்கிறார்கள். முகம் தெரியாத ஓர் அடிமையின் பெயர், கரிந்த ரொட்டியின் மேல் இன்றும் படிக்கும்படி இருக்கிறது. அதே கட்டடத்தில் நம் நாட்டிலிருந்து போன ஒன்றும் இருக்கிறது. 1938-இல் பொம்பெயியின் ஒரு வீட்டில் கிடைத்த, சுமார் 25 சென்டிமீட்டர் உயரமுள்ள தந்தச் சிலை. லட்சுமி என்று சொல்லிவந்தார்கள், யட்சியாக இருக்கலாம் என்பது இப்போதைய கருத்து. கழுத்திலும் கையிலும் நிறைய நகை, இரண்டு பக்கமும் தோழிகள். செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. பழைய நகரத்தில் முக்காடிட்ட கிறிஸ்துவின் பளிங்குச் சிலை உள்ள சான்செவெரோ சிற்றாலயத்துக்கும் அதே நாள்தான் விடுமுறை. செவ்வாயை வெளியூருக்கு ஒதுக்கிவிடுங்கள்.

தீவுகளில் என் தீர்ப்பு சுருக்கமானது. காப்ரி அழகுதான், யாரும் மறுக்க முடியாது. ரோமானியச் சக்கரவர்த்தி திபேரியுஸ் தன் கடைசிப் பத்து ஆண்டுகளில் பெரும்பகுதியை அங்கே கழித்தார் என்றால் சும்மாவா. 589 மீட்டர் உயர சொலாரோ மலைக்கு ஒற்றை இருக்கை கம்பிவட ஊர்தியில் ஏறினால் கீழே கடல் பச்சையும் நீலமுமாக விரியும். ஆனால் நீலக் குகையை நம்பி மட்டும் போகாதீர்கள். நுழைவாய் அவ்வளவு தாழ்வு, சின்னப் படகில் மல்லாந்து படுத்துத்தான் உள்ளே போக வேண்டும். அலை கொஞ்சம் எழுந்தாலே மூடிவிடுவார்கள். திறந்திருந்தாலும் நெடுநேரம் காத்திருந்து, உள்ளே இருப்பது சில நிமிடம். இஸ்கியா பெரிய தீவு. வெந்நீர் ஊற்றுகளில் கிடக்க ஆசைப்பட்டால் இரண்டு நாள் தங்கிப் பார்க்க வேண்டியது, ஒரு நாள் பயணத்துக்கு ஒத்துவராது.

ப்ரோச்சிடா மூன்றிலும் சின்னது, சுமார் 4 சதுர கிலோமீட்டர். 2022-இல் இத்தாலியின் பண்பாட்டுத் தலைநகராக இருந்தது. கொரிசெல்லா என்ற மீனவர் துறையில் மஞ்சள், ரோஜா, வெளிர்நீல வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. வண்டி உள்ளே வராது, படி இறங்கித்தான் போக வேண்டும். கீழே வலையைப் பிரித்து உட்கார்ந்திருப்பவர்கள் சுற்றுலாப் படத்துக்காக உட்கார்ந்தவர்கள் இல்லை. அங்கே எலுமிச்சை சாலட் சாப்பிடுங்கள். அந்தத் தீவின் எலுமிச்சையில் தோலுக்கும் சுளைக்கும் நடுவே வெள்ளைச் சதை விரல் தடிமன் இருக்கும், கசக்காது. மஞ்சள் தோலை மெல்லச் சீவிவிட்டு, சதையும் சுளையுமாகத் துண்டு போட்டு, புதினா, பூண்டு, மிளகாய், ஆலிவ் எண்ணெய், உப்பு போட்டுக் கலக்குகிறார்கள். ஊறுகாயில் வளர்ந்த நாக்குக்கு அது உடனே சொந்தமாகிவிடும்.

சாப்பாட்டுப் பேச்சு வந்ததால் ஒன்று. சைவம் சாப்பிடுகிறவர்கள் நேப்பிள்ஸில் 'மரினாரா' பீட்சாவைத் தைரியமாகக் கேட்கலாம். கடலோடு சேர்ந்த பெயராக இருந்தாலும் மீன் கிடையாது, சீஸும் கிடையாது. தக்காளி, பூண்டு, ஒரெகனோ, எண்ணெய், அவ்வளவுதான்.

கடைசிப் போட்டி எரிமலைகளுக்குள். வெசுவியஸ் உச்சிக்குப் போவது சுலபம். சுமார் 1,000 மீட்டர் உயரம் வரை பேருந்து, அதற்கு மேல் சரளைப் பாதையில் அரை மணி நடை. டிக்கெட்டை நேரம் குறித்து இணையத்தில் முன்பே எடுக்க வேண்டும். மேலே பெரிய வாய்ப்பள்ளம், ஓரத்தில் எங்காவது இழையாக ஆவி. 1944 மார்ச்சில் கடைசியாகக் கக்கியது. வானம் தெளிவாக இருந்தால் வளைகுடா முழுதும் தெரியும், மேகம் இறங்கினால் எதுவும் தெரியாது.

நான் அந்த அரை நாளை மேற்கே பொட்ஸுவோலிக்குக் கொடுப்பேன். நேப்பிள்ஸ் மெட்ரோ 2-ஆம் பாதையிலேயே போய் இறங்கலாம். அந்த ஊர் எரிமலையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, நிலம் மூச்சு விடுவது போல ஏறி இறங்குகிறது. 1982-லிருந்து 1984-க்குள் மட்டும் 1.8 மீட்டர் உயர்ந்தது. துறைமுகத்தில் தண்ணீர் குறைந்து படகுகள் தரைதட்டின. 2005-இலிருந்து மறுபடியும் உயர்ந்துகொண்டிருக்கிறது, சின்ன நிலநடுக்கங்கள் அடிக்கடி வருகின்றன. போகும் நாளில் நிலவரம் கேட்டுக்கொண்டு போங்கள்.

இதற்கெல்லாம் சாட்சி ஊர் நடுவே நிற்கிறது. ரோமானியச் சந்தைக் கட்டடம் ஒன்றின் மூன்று பளிங்குத் தூண்கள். அடியில் வழவழப்பு, அதற்கு மேலே ஒரு பட்டை மட்டும் சல்லடையாகத் துளைத்திருக்கிறது. கல்லைத் துளைக்கும் கடல் சிப்பிகள் போட்ட துளைகள் அவை. தலைக்கு மேலே அவ்வளவு உயரத்தில் கடல் சிப்பி துளைத்திருக்கிறது என்றால், இந்தத் தூண்கள் ஒரு காலத்தில் கடலுக்குள் இறங்கி, பிறகு மேலே வந்திருக்கின்றன. வேலிக்கு வெளியே நின்றே பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் இந்த ஊருக்குப் புத்தெயோலி என்று பெயர். கிழக்கிலிருந்து வரும் சரக்குகள் இறங்கிய ரோமின் பெரிய துறைமுகம். சேர நாட்டு முசிறித் துறைமுகத்தில் ஏற்றிய மிளகு செங்கடல் தாண்டி, எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கப்பல் மாறி வந்து சேர்ந்த கரைகளில் இதுவும் ஒன்று. பழைய துறையின் பெரும்பகுதி இப்போது தண்ணீருக்கு அடியில். தூண்களிலிருந்து சில நிமிடம் நடந்தால் இன்றைய படகுத்துறை. ப்ரோச்சிடாவுக்குப் படகு இங்கிருந்தும் போகிறது.