லினக்ஸில் டயல்-அப்: வெளி மோடமா, உள்ளே செருகும் வின்மோடமா?

லினக்ஸில் டயல்-அப், அதாவது தொலைபேசி லைன் வழி இணைய இணைப்பு, தகராறு செய்தால், பெரும்பாலும் கோளாறு மோடத்தில்தான். சீரியல் கேபிளில் தொங்கும் வெளி மோடம், தொலைபேசி ஒலியைத் தரவாக மாற்றும் வேலையைத் தன் சிப்பிலேயே முடித்துவிடும். கணினிக்குள் பிசிஐ ஸ்லாட்டில் செருகும் மலிவான வின்மோடம் அந்த வேலையை சிபியுவின் தலையில் கட்டும். டிரைவர் இல்லையென்றால் அது வெறும் அட்டை.

வெளி மோடத்தைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். சீரியல் போர்ட்டோடு பேசும் மினிகாம் நிரலில் போர்ட்டை டிடிஒய்எஸ்0 (முதல் சீரியல் போர்ட்) என்றும் வேகத்தை 115200 என்றும் வையுங்கள். மோடத்துக்கான கட்டளையான 'ஏடி'யைத் தட்டி என்டர் அழுத்தினால் 'ஓகே' வர வேண்டும். வராவிட்டால் முதலில் கேபிளையும் போர்ட் எண்ணையும் பாருங்கள். அனுமதி மறுப்பு என்று வந்தால் உங்கள் பயனரை, போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள 'டயல்அவுட்' குழுவில் சேர்த்துவிடுங்கள். 56கே மோடத்துக்கு 115200 எதற்கு என்றால், லைனில் சுருங்கி வரும் தரவு விரிந்துதான் கணினிக்குள் நுழைகிறது.

ஓகே வந்தபின், மோடத்தைக் கண்டறிந்து அமைப்புக் கோப்பை எழுதும் டபிள்யூவிடயல்கான்ஃப் கட்டளையை ஓட்டி, அந்தக் கோப்பில் எண், பயனர் பெயர், கடவுச்சொல்லை நிரப்பினால் போதும். காதில் டோன் கேட்டும் 'நோ டயல்டோன்' என்று வந்தால், மோடத்துக்குப் போகும் தொடக்கக் கட்டளையில் 'எக்ஸ்3' சேர்த்துவிடுங்கள். டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும்.

வின்மோடத்தில், பிசிஐ அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை ஓட்டி சிப்பைக் கண்டுபிடிப்பதே முதல் படி. லூசென்ட், கோனெக்சன்ட், ஸ்மார்ட்லிங்க் சிப்புகளுக்கு டிரைவர்கள் வந்தன. ஆனால் அவற்றில் மூலநிரல் தராத பகுதிகள் உண்டு. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) மாறினால் டிரைவர் கம்பைல் ஆகாமல் நின்றுவிடும். கையில் ஏற்கெனவே இருந்தால் முயலலாம், புதிதாக வாங்காதீர்கள்.

யுஎஸ்பி மோடம் வாங்குவதானால் செருகியதும் போர்ட் பெயர் டிடிஒய்ஏசிஎம்0 என்று தெரிகிறதா பாருங்கள். யுஎஸ்பி மோடங்களிலும் சில, வின்மோடம் வகைதான்.